லீக் மாறிய இரண்டு பருவங்கள்

கல்லூரியின் அந்தக் கூட்டத்தில் லீக் மாற வேண்டும் என்று பேசியவள் நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. முதல்நாள் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பிரெஞ்சில் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

மொன்றியல் தீவின் மேற்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய கல்லூரியில் பெண்கள் கரப்பந்தாட்ட அணிக்கு நான் ஒன்பது வருடம் உதவிப் பயிற்றுநராக இருந்தேன். பகலில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை, பின்னேரத்தில் ஜிம். தலைமைப் பயிற்றுநர்கள் வருவார்கள், இரண்டு வருடம் இருப்பார்கள், வேறு நல்ல இடம் கிடைத்ததும் போய்விடுவார்கள். பந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு நான் மட்டும் அங்கேயே நின்றேன்.

எங்கள் அணி கியூபெக் கல்லூரிகளின் லீக்கில் விளையாடியது. எதிரணிகள் எல்லாம் கிட்டத்தில்தான். லாவால், லோங்கய், சென்-ஜெரோம். ஞாயிறு மத்தியானம் ஆட்டம் முடிந்தால் பிள்ளைகள் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார்கள். அணிகள் குறைவு என்பதால் ஒரே அணியோடு ஒரு பருவத்தில் நாலு தரம் மோத வேண்டியிருக்கும். யார் எங்கே அடிப்பாள் என்பது எங்களுக்கும் அவர்களுக்கும் மனப்பாடம். சில வருடம் வென்றோம், சில வருடம் தோற்றோம். பார்க்க வருவது பெற்றோரும் இரண்டு மூன்று காதலன்மாரும்தான்.

விளையாட்டுப் பிரிவின் பணிப்பாளர் புதிதாக வந்தவர். நல்ல உயரம், எப்போதும் ஓடப்போகிறவர் போன்ற சப்பாத்து. அவருக்கு இந்த லீக் போதவில்லை. கல்லூரியின் அணிகளை ஒன்ராரியோ மாகாண லீக்குக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வந்த நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே அணிகள் அதிகம், தரம் அதிகம், பெரிய பல்கலைக்கழகங்களில் இருந்து ஆட்களைத் தேடி வருபவர்கள் அங்கேதான் வருவார்கள் என்றார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாற்றம் நடந்தால் பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்றுநர் யார் என்று தான் யோசிக்க வேண்டியிராது என்றும் சொன்னார்.

அதற்காக மட்டும் நான் பேசினேன் என்று சொன்னால் அது பொய். பதினேழு வயதில் யாழ்ப்பாணத்தில் நான் மாவட்ட அணிக்குத் தெரிவானேன். கண்டியில் போட்டி. தெரிவான கிழமையே யுத்தத்தால் பாதையை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்த அணியோடும் எந்த ஊருக்கும் நான் போனதில்லை. பஸ்ஸில் ஏறி, தெரியாத ஊரில் இறங்கி, தெரியாத சனத்துக்கு முன்னால் விளையாடினால்தான் ஓர் அணி அணியாகும் என்று ஏதோ ஒரு எண்ணம் எனக்குள் கிடந்தது. அதைத்தான் கூட்டத்தில் வேறு சொற்களில் சொன்னேன். எங்கள் பிள்ளைகள் ஏன் எப்போதும் இந்தத் தீவைச் சுற்றியே ஓட வேண்டும் என்று கேட்டேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஒரே ஒரு கணக்கியல் ஆசிரியர் மட்டும் வெள்ளிக்கிழமை வகுப்புகளைப் பற்றிக் கேட்டார். அது பிறகு ஒழுங்கு செய்யப்படும் என்றார் பணிப்பாளர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அனுமதி வந்த கோடையில், சொன்னபடியே என்னைத் தலைமைப் பயிற்றுநராக்கிய பணிப்பாளர் தன் வீட்டில் எல்லா அணிகளுக்கும் விருந்து வைத்தார். அவர் வீடு இல்-பிசாரில். அங்கே பஸ் எப்போதாவதுதான் வரும் என்பதால் பிள்ளைகளைப் பெற்றோரே கொண்டுவந்து விட்டார்கள். எங்கள் அணித்தலைவியை அவளுடைய தகப்பன் கொண்டுவந்தார். மன்னாரைச் சேர்ந்த குடும்பம், பார்க்-எக்ஸ்டென்ஷனில் இருந்தார்கள். அவர் டோர்வலில் விமான நிலையத்தில் பயணப்பொதி ஏற்றுகிறவர். மகள் தாதிப் படிப்பில் முதல் வருடத்தை முடித்திருந்தாள். அடிக்கிறவர்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கும் இடத்தில் விளையாடினாள். நான் பார்த்த ஒன்பது வருடத்தில் அவளைப்போல் கை யாருக்கும் இருக்கவில்லை. பந்து அவள் விரலில் பட்டு எழும்பும்போது சத்தமே வராது.

தகப்பன் மற்றவர்களைப்போல் திரும்பிப் போகவில்லை. காரோடு சாய்ந்துகொண்டு எனக்காகக் காத்திருந்தார். நான் போனதும் நேரடியாகவே கேட்டார்.

"ரீச்சர், உந்தத் தூரப் பயணம் அவளின்ரை படிப்பைக் கெடுக்காதோ?"

தாதிப் படிப்புப் பிரிவோடு நான் கதைக்கிறேன், அதற்கு ஒரு வழி இருக்கும் என்றேன்.

"நீங்கள் சொன்னால் சரி. உங்களை நம்பித்தான் விடுறன்."

பின்வளவில் பிள்ளைகள் பூப்பந்து வலையைக் கட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பணிப்பாளர் இறைச்சி வாட்டும் கரண்டியோடு ஒரு சின்ன உரை நிகழ்த்தினார். நான் கை தட்டினேன். எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டியிருப்பேன்.

ஒக்டோபரில் தாதிப் பிரிவின் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். ஆட்ட நாட்களின் பட்டியலை அனுப்புங்கள், ஆஸ்பத்திரிப் பயிற்சி நாட்களை மாற்ற முடியுமா என்று பார்க்கிறேன் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அந்தக் கிழமை எங்களுக்குக் கிங்ஸ்டனில் ஆட்டம். பிறகு ரொறன்ரோ. பட்டியலை அனுப்ப வேண்டும் என்று ஒரு மஞ்சள் துண்டில் எழுதிக் கணினியில் ஒட்டினேன். துண்டு விழுந்தது. நான் அனுப்பவில்லை.

முதல் பருவத்தில் நாங்கள் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. எதிரே நின்ற பிள்ளைகள் எங்களைவிட ஒரு தலை உயரம். அவர்கள் அடிக்கும் சேர்வ் எங்கள் கைகளில் பட்டுக் கூரைக்குப் போனது. முதல் பந்தே ஒழுங்காக வராதபோது எங்கள் அணித்தலைவி மூலைக்கு மூலை ஓடி, விழுந்தெழும்பி எடுத்துக் கொடுத்தாள். அவள் கொடுத்ததை அடிக்க ஆளில்லை. உள்ளூர்ச் சனம் எங்களுக்கும் பண்பாகக் கை தட்டும். அந்தக் கைதட்டலைக் கேட்கத்தான் எனக்குப் பொறுக்காது.

வெள்ளிக்கிழமை விடிய ஐந்தரைக்குக் கல்லூரி வாசலில் பஸ் நிற்கும். பனிக்குள் பெற்றோர் பிள்ளைகளை இறக்கிவிடுவார்கள். அணித்தலைவியின் தகப்பன் வேலை முடிந்து செம்மஞ்சள் மேலங்கியோடு நேரே வந்து மகளின் பையை பஸ்ஸுக்குக் கீழே வைப்பார். பையை வைப்பதில் அவருக்கு ஒரு தொழில் ஒழுங்கு இருந்தது. மற்றப் பிள்ளைகளின் பைகளையும் எடுத்து அடுக்கிவிட்டுத்தான் போவார்.

பஸ்ஸில் பிள்ளைகள் முதல் ஒரு மணித்தியாலம் நித்திரை. பிறகு புத்தகம் திறப்பார்கள், மூடுவார்கள். இரண்டாம் வருடம் தொடங்கும்போது நாலு பேர் விலகிவிட்டார்கள். ஒருத்தி பகுதிநேர வேலையை விட முடியாது என்றாள். ஒருத்தி தோற்றுத் தோற்றுக் களைத்துவிட்டது என்றாள். மற்ற இருவரும் காரணம் சொல்லவில்லை. அணித்தலைவி விலகவில்லை. அவள் விலகுவாள் என்று நான் நினைக்கவும் இல்லை.

ஆண்கள் கூடைப்பந்து அணியின் கதை வேறு. அவர்களுக்கு லீக் மாற்றம் வாய்த்துவிட்டது. ரொறன்ரோவில் இருந்து நல்ல பெடியன்கள் வந்து சேர்ந்தார்கள். ஜிம்மில் சனம் நிறைந்தது, புதிய புள்ளிப் பலகை வந்தது. கல்லூரியின் பெயர் செய்தியில் அடிபட்டது. எங்கள் பயிற்சி நேரம் அவர்களுக்காகப் பிந்திப் போனது. பணிப்பாளர் அதற்கு மன்னிப்பும் கேட்டார். நேரே வந்து, மரியாதையாகக் கேட்டார்.

இரண்டாம் பருவம் ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, கிங்ஸ்டனுக்குக் கிட்ட நெடுஞ்சாலையோரப் பெற்றோல் நிலையத்தில் பஸ் நின்றது. பிள்ளைகள் கோப்பி வாங்க வரிசையில் நின்றார்கள். அணித்தலைவி வரிசையில் நிற்காமல் என்னிடம் வந்தாள். மற்றவர்களுக்கு முன்னால் என்னைக் கோச் என்றுதான் கூப்பிடுவாள்.

"அன்ரி, நான் இண்டைக்கு ஆஸ்பத்திரி வாட்டிலை நிண்டிருக்க வேணும்," என்றாள்.

எத்தனை நாள் விட்டாய் என்று கேட்டேன்.

"இதோடை நாலு. அஞ்சு விட்டால் பயிற்சி பெயில். படிப்பிலையிருந்தே எடுத்துப் போடுவினம்."

அடுத்த வெள்ளி எங்களுக்குச் சட்பரியில் ஆட்டம். அந்தப் பருவத்தில் நாங்கள் வெல்லக்கூடிய அணி ஒன்று இருந்தால் அது அதுதான். அவளுடைய இடத்தில் விளையாடக்கூடிய மற்றப் பிள்ளை கால் சுளுக்கிக் கட்டோடு இருந்தாள். இது எல்லாம் என் தலைக்குள் ஓடி முடிய இரண்டு விநாடி சென்றிருக்குமோ தெரியாது.

"சட்பரி முடியட்டும். பேந்து நான் வந்து உங்கடை பொறுப்பாளரோடை கதைக்கிறன்," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சட்பரிதான் ஐந்தாவது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஓம் என்றாள். போய் வரிசையின் கடைசியில் நின்றாள். அவள் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், பத்தொன்பது வயது, அவளுடைய படிப்பு என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது எடுபடவில்லை. பயிற்சியில் ஒவ்வொரு நாளும் நான் சொல்வதைச் செய்யத்தான் அவளைப் பழக்கியிருந்தேன்.

சட்பரியில் வென்றோம். ஐந்து செற் போனது. கடைசிச் செற்றில் அவள் ஒரு பந்தைத் தலைக்குப் பின்னால், பார்க்காமல், வலையின் மறு மூலைக்குக் கொடுத்தாள். எதிரணியில் யாரும் அசையக்கூட இல்லை. எங்கள் உயரமான பிள்ளை, சென்-ஜெரோம்காரி, அதை அடித்து முடித்தாள். பிள்ளைகள் ஒருத்திக்கு மேல் ஒருத்தியாக விழுந்து கத்தினார்கள். நான் அழுதேன். அந்தப் படத்தைக் கல்லூரி பெரிதாக்கி ஜிம்முக்குப் போகும் நடைபாதையில் மாட்டியது. நடுவில் அணித்தலைவி, வாய் நிறையச் சிரிப்பு. இப்போதும் அது அங்கே தொங்குவதாகச் சொல்கிறார்கள்.

திங்கட்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் தாதிப் பிரிவுக்குப் போனேன். பொறுப்பாளர் என் வயதுப் பெண். கோபப்படவில்லை. என்னுடைய ஒக்டோபர் மின்னஞ்சலையும் தன்னுடைய பதிலையும் திரையில் திறந்து என் பக்கம் திருப்பினார். அது முதல் வருட ஒக்டோபர். இந்தப் பட்டியல் வந்திருந்தால் அவளுக்குச் செவ்வாய்க்கிழமைக் குழுவில் இடம் கொடுத்திருப்பேன், அப்போது இடம் இருந்தது என்றார். இப்போது செய்வதற்கு எதுவும் இல்லை, ஐந்து நாள் என்பது தன்னுடைய விதி இல்லை, ஆஸ்பத்திரியின் விதி என்றார். நான் எழும்பும்போது, அணி வென்றதாகக் கேள்விப்பட்டேன், வாழ்த்துகள் என்றும் சொன்னார். குத்திச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சித்திரையில் பணிப்பாளர் கூப்பிட்டார். அடுத்த வருடம் பெண்கள் கரப்பந்தாட்ட அணி இருக்காது என்றார். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், தோல்விகள், பயணம் என்று காரணங்கள் சொன்னார். எல்லாம் உண்மைதான். அப்படியென்றால் முதல் வருடமே ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மறைக்க என்ன இருக்கிறது என்பதுபோல் சொன்னார். புதிதாகச் சேரும் கல்லூரி முதல் இரண்டு பருவத்துக்கு ஒரு பெண்கள் அணியையும் கொண்டுவர வேண்டும் என்பது அந்த லீக்கின் நிபந்தனையாம். அந்தக் காலம் முடிந்துவிட்டதாம்.

பஸ் புறப்படும் நேரத்தைச் சொல்கிற குரலில்தான் சொன்னார். அவரிடம் வஞ்சகம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கசக்கிறது. நான் ஒரு பெரிய சதியில் ஏமாந்திருந்தால் ஆத்திரப்பட ஒரு ஆள் கிடைத்திருப்பான். அந்த நிபந்தனை கூட்டத்தில் எங்களுக்குத் தந்த தாள்களிலேயே இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஏழாம் பக்கம். என்னுடைய பேச்சுக்குக் குறிப்பு எழுதியதே அந்தப் பக்கத்தின் ஓரத்தில்தான்.

பழைய லீக்குக்குத் திரும்பலாமா என்று கேட்க, லோங்கய் அணியின் பயிற்றுநருக்குத் தொலைபேசி எடுத்தேன். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் எதிரெதிர் வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். நீ போன பிறகு எங்களிடம் நாலு அணிதான் மிஞ்சியது, அடுத்த வருடம் அதில் ஒன்று விழுந்தது, இப்போது லீக்கே இல்லை, எதற்குத் திரும்பி வரப் போகிறாய் என்று கேட்டாள். நாங்கள் விட்டுவிட்டுப் போன இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று அதுவரை நான் ஒரு தரமும் யோசித்துப் பார்த்திருக்கவில்லை.

அணித்தலைவியின் வீட்டுக்குப் போவதற்கு எனக்கு ஒரு மாதம் எடுத்தது. மகள் இல்லை, தகப்பன் மட்டும் இருந்தார். வேலைக்குப் போக ஆயத்தமாகச் சப்பாத்து போட்டுக்கொண்டிருந்தவர், அதைக் கழற்றிவிட்டுத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மின்னஞ்சல், மஞ்சள் துண்டு, பெற்றோல் நிலையம்.  நான் முடித்ததும் அவர் கோப்பையை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

"வெள்ளைக்காரர் கேட்டிருந்தால் நான் நாலு இடத்திலை விசாரிச்சிருப்பன். நீங்கள் எங்கடை ஆள் எண்டுதான் ஒண்டும் விசாரிக்கேல்லை."

 வாசல்வரை வந்து படியில் மழைத்தண்ணீர் நிற்கிறது, வழுக்கும், பார்த்துப் போங்கள் என்றார். பிறகு கதவைச் சாத்தினார்.

நான் அந்த வருடத்தோடு ஜிம் பக்கம் போவதை நிறுத்தினேன். சென்-ஜெரோம்காரியை ஒன்ராரியோவில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. சட்பரி ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்தான் அவளைக் கண்டுபிடித்தாராம். அவளுடைய தாய் எனக்கு ஒரு அட்டை அனுப்பினாள். உங்கள் துணிச்சலால் என் மகளின் வாழ்க்கை மாறியது என்று எழுதியிருந்தாள். அதுவும் உண்மைதான். அந்த அட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மின்சாரப் பட்டியல்களோடு வைத்திருக்கிறேன்.

போன வருடம் ஆவணி மாதம் ஜான்-டலோன் சந்தையில் தக்காளி எடுத்துக்கொண்டிருந்தபோது, மரக்கறிக் கடைக்குப் பின்னால் நின்றவள் பிரெஞ்சில் பை வேண்டுமா என்று கேட்டாள். நிமிர்ந்து பார்த்தால் அணித்தலைவி. முகம் கொஞ்சம் அகன்றிருந்தது. அவள் என்னை முதலே கண்டிருக்க வேண்டும். ஓடி ஒளியவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. கோடைக்கு மட்டும் இங்கே வேலை என்றாள். மற்ற மாதங்களில் முதியோர் இல்லமொன்றில் குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது. அதற்கு ஒரு குறுகிய படிப்புப் படித்தாளாம். தாதிப் படிப்புக்குத் திரும்ப விண்ணப்பித்தாயா என்று கேட்டேன். ஒரு தரம் போட்டதாகவும் பழைய பெறுபேற்றைப் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டார்கள் என்றும் சொன்னாள்.

பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவள் அவர்களையும் கவனித்துக்கொண்டு, நடுவில் எனக்கும் பதில் சொன்னாள். நான் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அன்ரி, நான் உங்களோடை கோவம் எண்டு அப்பா நினைக்கிறார். அப்பிடியில்லை. எனக்கு அந்த பஸ் பிடிச்சிருந்தது. தோத்தாலும் பிடிச்சிருந்தது. அதை நினைக்கத்தான் எனக்குக் கோவம் வரும்."

தக்காளியை நிறுத்துத் தந்தாள். இப்போதும் விளையாடுகிறாயா என்று கேட்டேன். விரல்களைப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினாள். அடுத்த ஆள் முன்னுக்கு வந்துவிட்டார். நான் நகர்ந்தேன்.

இந்த வருடம் மாசியில் வேறொரு சிறிய கல்லூரியின் பயிற்றுநர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அவர்களும் ஒன்ராரியோ லீக்குக்குப் போக யோசிக்கிறார்களாம். போனால் நல்லதா கெட்டதா, அனுபவப்பட்டவர் நீங்கள், சொல்லுங்கள் என்றார். அவரும் பெண்கள் அணியைத்தான் பார்க்கிறார். கல்லூரிக்கு நல்லது, உயரமான ஒரு பிள்ளைக்கு நல்லது என்றேன். மற்றப் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், வெள்ளிக்கிழமைகளில் எங்கே நிற்க வேண்டியவர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதுங்கள், எழுதியதை அன்றைக்கே அனுப்புங்கள் என்றேன். தரும் தாள்களை ஒரு பக்கமும் விடாமல் வாசியுங்கள் என்றேன். அரை மணித்தியாலம் பேசினேன். அவர் இடையிடையே எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

கடைசியில் அவர் நன்றி சொன்னார். தன்னுடைய பணிப்பாளரும் தனக்குத் தலைமைப் பொறுப்பைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றும், அடுத்த கிழமை கூட்டத்தில் தான்தான் பேசப் போவதாகவும் சொன்னார். குரலில் அவ்வளவு சந்தோசம். என்ன பேசப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. வைகாசியில் அவர்கள் மாறிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.